லினக்ஸ் சர்வரில் திறக்காத விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்: ஃபார்மேட் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

போன மழைக்காலத்தில் ஓர் அம்மா எங்கள் ஜமாஅத் அலுவலகத்துக்கு வந்தார். மகளுடைய நிக்காஹ் பதிவின் நகல் வேண்டும். மருமகன் சபுரில் இருக்கிறார். விசா விண்ணப்பத்தோடு அந்த வாரமே அனுப்பியாக வேண்டும். பழைய தஃப்தரை எடுத்துப் பார்த்தால் ஈரம் ஏறி, அந்த ஆண்டின் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. இப்படி ஆகும் என்று பயந்துதான் தஃப்தர்கள் எல்லாவற்றையும் முன்பே காரைக்குடியில் ஸ்கேன் செய்து, ஓர் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வாங்கி வைத்திருந்தோம். அந்த டிஸ்க்கை அலுவலகத்து சர்வரில் சொருகினால் திறக்கவில்லை.

கணினியைக் கவனித்துக்கொள்ளும் தம்பி திரையைக் காட்டினார். "ஹஜ்ரத், சூப்பர்பிளாக் கெட்டுப் போச்சுன்னு வருது. டிஸ்க் போயிருச்சு போல. ஃபார்மேட் பண்ணிப் பார்க்கவா?"

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்றேன். டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் இருந்த ஒரு பக்கம்கூடக் கெடவில்லை. ஆனால் அந்த ஃபார்மேட் பொத்தானை அழுத்தியிருந்தால் நாற்பது ஆண்டு நிக்காஹ் பதிவுகள் எங்கள் கையாலேயே போயிருக்கும்.

நான் ஓதியது மதரஸாவில், பட்டம் வாங்கியது கலைக் கல்லூரியில். கணினியைப் பாடமாகப் படித்தவன் அல்ல. தேவை வந்ததால் கற்றுக்கொண்டேன். இந்தச் சிக்கல் இப்போது பல வீடுகளிலும் மதரஸாக்களிலும் வருகிறது என்பதால் தெரிந்ததை எழுதுகிறேன். கட்டளைகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். பெரும்பாலான கட்டளைகளுக்கு முன்னால் 'சுடோ' என்ற சொல்லைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஏன் இந்தச் சிக்கல் வருகிறது?

சர்வர் என்றதும் பெரிய அலமாரி இயந்திரத்தை நினைக்க வேண்டாம். வீட்டிலுள்ள மற்ற கணினிகளும் போன்களும் ஒரே இடத்திலிருந்து கோப்புகளை எடுத்துக்கொள்ள, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினி போதும். பழைய மடிக்கணினியில் லினக்ஸ் ஏற்றி அப்படி வைத்துக்கொள்ளலாம். எங்கள் அரியக்குடி அலுவலகத்தில் இருப்பதும் அதுதான். லினக்ஸ் நம் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினியில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய நம் நாட்டு லினக்ஸ் அது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆனால் எக்ஸ்டர்னல் டிஸ்க் பெரும்பாலும் விண்டோஸுக்கான என்.டி.எஃப்.எஸ். முறையில் வடிவமைக்கப்பட்டிருக்கும். இதை மைக்ரோசாஃப்ட் 1993-இல் விண்டோஸ் என்.டி.யோடு கொண்டு வந்தது. அதன் உள் நுணுக்கங்களை அந்த நிறுவனம் முழுமையாக வெளியிடாததால், லினக்ஸ்காரர்கள் டிஸ்க்கை ஆராய்ந்து ஆராய்ந்துதான் கற்றார்கள். அதில் நம்பி எழுதலாம் என்ற நிலை 2007-இல் என்.டி.எஃப்.எஸ்.-3ஜி என்ற இலவச மென்பொருள் முதிர்ந்தபோது வந்தது. 2021-இல் லினக்ஸ் கெர்னல் 5.15 பதிப்பில், பாராகன் நிறுவனம் கொடுத்த என்.டி.எஃப்.எஸ்.3 என்ற டிரைவர் உள்ளேயே சேர்ந்துவிட்டது. எனவே "லினக்ஸில் விண்டோஸ் டிஸ்க் ஓடாது" என்று கடைக்காரர் சொன்னால் அது பழைய கதை. இன்று திறக்கவில்லை என்றால் அதற்கென்று ஒரு காரணம் இருக்கும்.

அந்தக் காரணத்தைப் புரிந்துகொள்ள நம் செட்டிநாட்டுக் கடைக் கணக்கே போதும். கணக்கப்பிள்ளை அன்றைய வரவு செலவை முதலில் சிட்டாவில் குறிப்பார்; பிறகு பேரேட்டில் ஏற்றுவார். விண்டோஸும் அப்படித்தான். டிஸ்க்கின் அட்டவணையில் என்ன மாற்றம் செய்யப் போகிறது என்பதை முதலில் ஒரு குறிப்பில் எழுதும். பிறகு உரிய இடத்தில் பதியும். எல்லாம் முடிந்தால் 'கணக்கு சரி' என்று அடையாளம் வைக்கும். பாதியில் டிஸ்க்கைப் பிடுங்கினால் 'கணக்கு முடியவில்லை' என்ற அடையாளம் அப்படியே நின்றுவிடும். அடுத்து வரும் லினக்ஸ் அதைப் பார்த்து, "அடுத்தவர் கணக்கு பாதியில் நிற்கிறது, நான் கை வைக்க மாட்டேன்" என்று ஒதுங்கிக்கொள்கிறது. நம் கோப்புகளைக் காக்கத்தான் அது மறுக்கிறது.

இன்னொரு காரணம் பலருக்குத் தெரியாது. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற வசதி இருக்கிறது. அது இயங்கும் கணினியில் 'ஷட்டவுன்' கொடுத்தால், விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை. தன் உள்நிலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறது, மறுநாள் சீக்கிரம் எழ வேண்டும் என்பதற்காக. அந்த நேரத்தில் சொருகியிருந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் விண்டோஸின் கணக்கில் திறந்தபடியே இருக்கலாம். கணினியை அணைத்துவிட்டுத்தானே பிடுங்கினோம் என்று நாம் நினைப்போம். 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் இப்படி ஆகாது. ஷிஃப்ட் பொத்தானை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தாலும் முழுதாக மூடும்.

திரையில் வரும் செய்தியை நம்பலாமா?

எங்கள் தம்பியைப் பயமுறுத்திய செய்தி உலகெங்கும் பலரைப் பயமுறுத்தியிருக்கும். தவறான கோப்பு முறை, தவறான விருப்பம், கெட்ட சூப்பர்பிளாக், விடுபட்ட கோட்பேஜ் அல்லது துணை நிரல், அல்லது வேறு ஏதோ பிழை என்று ஒரே வரியில் அடுக்கிக்கொண்டே போகும். கவனித்துப் படித்தால் அது நோயின் பெயர் அல்ல. இவற்றில் ஏதோ ஒன்று என்கிற ஊகப் பட்டியல். இத்தனைக்கும் சூப்பர்பிளாக் என்பது லினக்ஸின் சொந்தக் கோப்பு முறைகளில் புழங்கும் சொல். என்.டி.எஃப்.எஸ். டிஸ்க்கில் அந்தப் பெயரில் ஒன்று இல்லவே இல்லை.

உண்மைக் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. டி-எம்-இ-எஸ்-ஜி என்ற ஐந்தெழுத்துக் கட்டளையைக் கொடுத்துக் கடைசிச் சில வரிகளைப் படியுங்கள். எங்களுக்கு அங்கே வந்தது, வால்யூம் 'டர்ட்டி' ஆக இருக்கிறது, 'ஃபோர்ஸ்' கொடுக்கவில்லை என்ற வரி. அதாவது மேலே சொன்ன முடியாத கணக்கு. என்.டி.எஃப்.எஸ்.-3ஜி வழியாகத் திறப்பவர்களுக்கு இதே சங்கதி 'அன்கிளீன்' என்றோ, விண்டோஸ் 'ஹைபர்நேட்' நிலையில் இருக்கிறது என்றோ வரும். சில நேரம் அது மறுக்காமல், படிக்க மட்டும் திறந்து கொடுத்துவிடும். "கோப்புகள் தெரிகின்றன, புதிதாக எதுவும் சேமிக்க முடியவில்லை" என்று சொல்பவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

முதலில் டிஸ்க் தெரிகிறதா?

ஒரு படி பின்னால் போவோம். மவுண்ட் என்றால், டிஸ்க்கை ஒரு ஃபோல்டரோடு இணைப்பது. விண்டோஸ் டி, இ என்று எழுத்து கொடுக்கும். லினக்ஸ் நாம் சொல்லும் ஃபோல்டருக்குள் டிஸ்க்கைக் கொண்டு வந்து காட்டும். திரையும் மவுஸும் உள்ள சாதாரண லினக்ஸில் இது தானாக நடக்கும். சர்வருக்கான லினக்ஸில் தானாக நடக்காது. நாம்தான் சொல்ல வேண்டும். "சொருகினேன், ஒன்றும் வரவில்லை" என்று என்னிடம் வந்தவர்களில் சிலருக்குப் பிரச்சினையே இவ்வளவுதான்.

எல்-எஸ்-பி-எல்-கே என்று தட்டி, இடம் விட்டு, ஹைஃபன் எஃப் சேருங்கள். இணைந்திருக்கும் டிஸ்க்குகள் எல்லாம் வரிசையாக வரும். எஸ்-டி-ஏ என்பது பெரும்பாலும் கணினியின் உள் டிஸ்க். எஸ்-டி-பி என்பது நாம் சொருகியது. அதன் கீழ் எஸ்-டி-பி-1 என்பது அதிலுள்ள பகுதி. எதிரில் கோப்பு முறையின் பெயரும், யு.யு.ஐ.டி. என்ற நீண்ட அடையாள எண்ணும் இருக்கும்.

டிஸ்க்கே பட்டியலில் இல்லை என்றால் மென்பொருளைக் குறை சொல்லாதீர்கள். கேபிளை மாற்றுங்கள். கையடக்க டிஸ்க்குகள் யு.எஸ்.பி. வழியாகவே மின்சாரம் எடுக்கின்றன. பழைய மடிக்கணினியின் முனையில் அது போதாமல் போகலாம். வேறு முனையில் சொருகுங்கள், அல்லது தனி மின் இணைப்புள்ள ஹப் வையுங்கள். டக் டக் என்று ஒரே சீரான சத்தம் வந்தால் உடனே கழற்றிவிடுங்கள். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். இன்னொன்று: உறை உடைந்தது என்று டிஸ்க்கை மட்டும் எடுத்து நேராகக் கணினியில் பொருத்தியவர்களுக்கு, டிஸ்க் தெரிந்தும் பகுதிகள் தெரியாமல் போவதுண்டு. சில உறைகள் டிஸ்க்கின் அளவுக் கணக்கை வேறு விதமாகக் காட்டுபவை. அதே வகை உறைக்குள் திரும்ப வைத்தால் கோப்புகள் வந்துவிடும்.

கோப்பு முறையின் இடத்தில் பிட்லாக்கர் என்று வந்தால் அது பூட்டிய டிஸ்க். பூட்டியவரின் கடவுச்சொல்லோ, 48 இலக்க மீட்பு எண்ணோ இல்லாமல் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. அந்த எண் பலருக்கு அவர்களுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும், அங்கே தேடுங்கள். எண் கிடைத்தால் விண்டோஸ் கணினியில் பூட்டை எடுத்துவிட்டுக் கொண்டு வருவதே சுலபம்.

என்.டி.எஃப்.எஸ். என்று சரியாகக் காட்டி, ஆனால் அந்த வகை தனக்குத் தெரியாது என்று லினக்ஸ் சொன்னால், டிரைவர் இல்லை என்று பொருள். உபுண்டு, டெபியன் வகைகளில் என்.டி.எஃப்.எஸ்.-3ஜி தொகுப்பை நிறுவினால் முடிந்தது.

படிக்க மட்டும் திறந்து, முதலில் நகல் எடுங்கள்

கணக்கு முடியாத டிஸ்க்கைச் சரிசெய்ய இணையத்தில் தேடினால் முதலில் கிடைப்பது என்.டி.எஃப்.எஸ்.ஃபிக்ஸ் என்ற கட்டளை. அது வேலை செய்யும்; டிஸ்க்கும் திறக்கும். ஆனால் விண்டோஸின் செக்டிஸ்க் செய்யும் முழுச் சோதனையை அது செய்வதில்லை. அதன் கையேடே அப்படித்தான் சொல்கிறது. சில அடிப்படைப் பிழைகளைத் திருத்தி, சிட்டாவைத் துடைத்துவிட்டு, அடுத்த முறை விண்டோஸில் சோதிக்கும்படி குறித்து வைக்கும். சிட்டாவில் பேரேட்டுக்கு ஏறாத வரிகள் இருந்தால் அவை போய்விடும். 'ஃபோர்ஸ்' கொடுத்துத் திறப்பதும் இதே போன்ற துணிச்சல்தான். ஹைபர்நேட் கோப்பை நீக்கும் விருப்பமும் ஒன்று உண்டு. கணினியிலிருந்து கழற்றிய விண்டோஸ் டிஸ்க்கில் அதைக் கொடுத்தால், விண்டோஸில் சேமிக்காமல் திறந்து வைத்திருந்த வேலை அழியும். ஒரே பிரதியாக இருக்கும் அமானிதத்தில் இவற்றை முதல் மருந்தாகக் கொடுக்க மாட்டேன்.

நாங்கள் செய்தது இது. முதலில் ஒரு வெற்று ஃபோல்டரை உருவாக்கினோம். பிறகு மவுண்ட் என்ற கட்டளை, இடம் விட்டு ஹைஃபன் ஓ, இடம் விட்டு ஆர்-ஓ, அடுத்து டிஸ்க் பகுதியின் பாதை, அடுத்து அந்த ஃபோல்டரின் பாதை. டிஸ்க் பகுதியின் பாதை என்பது சாய்கோடு, டெவ், சாய்கோடு, எஸ்-டி-பி-1. நடுவில் உள்ள ஆர்-ஓ என்ற இரண்டு எழுத்துகள்தான் முக்கியம். 'படிக்க மட்டும்' என்று பொருள். எழுதப் போவதில்லை என்று உறுதி கொடுத்ததும் லினக்ஸ் மறுக்காமல் திறந்துவிட்டது. ஆண்டு வாரியாக ஃபோல்டர்கள் எல்லாம் இருந்தன.

அந்த அம்மாவை உட்கார வைத்துவிட்டு, முதலில் அவர் மகளின் பக்கத்தை எடுத்து அச்சிட்டோம். செயலாளர் முத்திரை வைத்துக் கொடுத்தார். பிறகு ஆர்சிங்க் கட்டளையால் டிஸ்க் முழுவதையும் சர்வரின் உள் டிஸ்க்குக்கு நகல் எடுத்தோம். இஷா தொழுகை முடிந்து வந்தபோது முடிந்திருந்தது.

நகல் கைக்கு வந்த பிறகே டிஸ்க்கை ஒரு விண்டோஸ் கணினிக்குக் கொண்டு போனோம். கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, சி-எச்-கே-டி-எஸ்-கே என்று தட்டி, இடம் விட்டு டிஸ்க்கின் எழுத்தும் முக்காற்புள்ளியும், மறுபடி இடம் விட்டு சாய்கோடு எஃப். சில நிமிடங்களில் விண்டோஸ் தன் கணக்கைத் தானே முடித்துக்கொண்டது. அதே கணினியில் கண்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய், பவர் பொத்தான்களுக்கான அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் குறியையும் எடுத்துவிட்டோம். பிறகு 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றி சர்வரில் சொருகினால், டிஸ்க் ஒரு மறுப்பும் இல்லாமல் இணைந்தது. செலவு, ஆட்டோவுக்குக் கொடுத்தது மட்டும்.

செக்டிஸ்க் பற்றி ஓர் எச்சரிக்கை. படிக்கும்போது 'இன்புட் அவுட்புட் பிழை' என்று வந்தாலோ, டக் டக் சத்தம் கேட்டாலோ, டிஸ்க்கின் உடலுக்கே நோய். அப்போது செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். திரும்பத் திரும்பத் திறந்து பார்ப்பதும் வேண்டாம். ஒவ்வொரு முயற்சியும் இருப்பதையும் தேய்க்கும். ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும். பிழை மட்டும் வந்து சத்தம் இல்லாத நிலையில், குனு டிடிரெஸ்க்யூ கருவியால் இன்னொரு டிஸ்க்குக்கு முழு நகல் எடுக்கலாம். படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். சத்தம் வந்தால் தரவு மீட்பு தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். அதற்குப் பணம் அதிகம் ஆகும்.

திறந்தும் எழுத முடியவில்லை என்றால்

கணக்கெல்லாம் சரியாக இருந்தும் சர்வரில் உள்ள பகிர்வு மென்பொருள் "அனுமதி இல்லை" என்று சொல்லும். காரணம், லினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் உரியவர் யார் என்று பார்க்கும்; விண்டோஸ் டிஸ்க்கில் லினக்ஸ் பயனர்களின் பெயர்கள் கிடையாது. எனவே மவுண்ட் செய்யும்போதே யு-ஐ-டி, ஜி-ஐ-டி என்ற விருப்பங்களில் உரிய பயனரின் எண்ணைக் கொடுக்க வேண்டும். முதலில் உருவாக்கிய பயனருக்கு உபுண்டுவில் அது 1000. மவுண்ட் ஆன பிறகு உரிமையை மாற்றும் கட்டளைகளை அடித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் வீண்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் கையால் மவுண்ட் செய்யச் சலித்து, எஃப்ஸ்டேப் என்ற கோப்பில் டிஸ்க்கை எழுதி வைத்தேன். ஒரு நாள் ஒருவர் டிஸ்க்கை வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார். இரவில் மின்சாரம் போய் வந்தது. சர்வர் எழுந்து டிஸ்க்கைத் தேடியது, ஒன்றரை நிமிடம் காத்திருந்தது, பிறகு 'எமர்ஜென்சி' நிலையில் நின்றுவிட்டது. காலையில் மதரஸா பிள்ளைகளின் பாடக் கோப்புகள் எதுவும் வரவில்லை; உஸ்தாதுமார்கள் என்னைத் தேடினார்கள். அந்த வரியில் 'நோஃபெயில்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்திருந்தால், டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழுந்திருக்கும். அதே வரியில் எஸ்-டி-பி-1 என்று எழுதாமல் யு.யு.ஐ.டி. எண்ணை எழுதுங்கள். இன்று பி ஆக இருப்பது நாளை இன்னொரு பென்டிரைவ் சொருகியதும் சி ஆகலாம்.

இனி எந்த முறையில் வைப்பது?

சர்வரோடே நிரந்தரமாக இருக்கும் டிஸ்க்குக்கு லினக்ஸின் சொந்த முறையான இஎக்ஸ்டி4 நல்லது. கோப்புகளை வேறிடத்தில் நகல் எடுத்துச் சரிபார்த்த பிறகே மாற்றுங்கள். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் மாறி மாறிப் போகும் டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட் வசதி; மைக்ரோசாஃப்ட் 2019-இல் அதன் விவரக்குறிப்பை வெளியிட்ட பின் லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் எக்ஸ்ஃபேட்டுக்கு நான் சொன்ன சிட்டா கிடையாது. எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கினால் சேதம் கூடுதலாக வாய்ப்புண்டு. பழைய ஃபேட்32 வேண்டாம். 4 ஜி.பி.க்கு மேல் ஒரு கோப்பை அது ஏற்காது. நிக்காஹ் வீடியோ பாதியில் நிற்கும்.

எந்த முறையில் வைத்தாலும் ஒரே பிரதியோடு விடாதீர்கள். காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுக்கத் திரட்டிய அச்சு நூல்கள், 1992-இல் அவர் மறைந்த பிறகும் தாக்குப்பிடித்து, 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. காகிதம் அப்படிக் காத்திருந்தது. ஹார்ட் டிஸ்க் ஒரு நாள் எதுவும் சொல்லாமல் நின்றுவிடும். எங்கள் தஃப்தர்களின் நகல் இப்போது சர்வரில் ஒன்று, அந்த டிஸ்க்கில் ஒன்று, செயலாளர் வீட்டு பீரோவில் ஒன்று என்று இருக்கிறது.

சர்வரோடு இருக்கும் பிரதியை இஎக்ஸ்டி4 முறைக்கு மாற்றியதால் புதிதாக ஒரு கவலை வந்தது. அதை யாராவது விண்டோஸ் கணினியில் சொருகினால், விண்டோஸுக்கு அந்த முறை புரியாது. டிஸ்க்கை ஃபார்மேட் செய்தால்தான் பயன்படுத்த முடியும் என்று அது தானாகவே கேட்கும். அதனால் டிஸ்க்கின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, தம்பி தன் கையால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்: "இது லினக்ஸ் டிஸ்க். ஃபார்மேட் கேட்டால் கேன்சல் அழுத்தவும். ஹஜ்ரத்துக்குப் போன் செய்யவும்."